துவக்குக் குழலுக்குள் ஒரு பம்பரம்

மட்டக்களப்பு வாவியின் நடுவே புளியந்தீவில் நிற்கும் கோட்டையை 1628-இல் போர்த்துக்கேயர் கட்டினர்; 1638-இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அக்காலத்துப் பீரங்கிகளின் குழல் உள்ளே வரியற்றது. அதில் குண்டு இங்குமங்கும் மோதியபடி வெளிவரும். கடைசியாக எப்பக்கம் மோதியதோ அதற்கேற்பத் தாறுமாறாகச் சுழன்று குறிதவறும். இக்குறையை ஆங்கிலேய அறிஞர் பெஞ்சமின் றொபின்ஸ் 1740களில் ஆராய்ந்து விளக்கினார்.

இதற்குப் பரிகாரம் யாது? நம் சிறுவர் விளையாடும் பம்பரத்தைப் பாருங்கள். சுழலாத பம்பரம் சாய்ந்து விழும். சுழலும் பம்பரமோ நிமிர்ந்து நிற்கும். குழலின் உட்சுவரிலே திருகாணியின் புரிபோலப் பள்ள வரிகளை வெட்டிவிட்டால், குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றவாறே புறப்பட்டு நிலைகுலையாது செல்லும். இத்தகைய துவக்கே றைபிள் எனப்படும்.

ஆயின், திருகலிலும் அளவு வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், பதுளைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட காடுகளில் யானை வேட்டையாடியவர். அவருக்காகப் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் 1840-இல் செய்த றைபிளின் நிறை 21 றாத்தல். 36 அங்குலக் குழலில் இரண்டே வரிகள். அவை முழு நீளத்துக்கும் ஒரே சுற்றுத்தான் சுற்றின. 3 அவுன்சு உருண்டைக் குண்டுக்கு ஓர் அவுன்சு வெடிமருந்து! அத்தனை மருந்தின் உந்தலில், திருகல் கடுமையாயிருந்தால் மென்மையான ஈயம் வரியைப் பற்றாது வழுக்கிவிடும். ஆதலால் திருகல் மெதுவாக அமைந்தது. வரிகளில் பொருந்துமாறு குண்டைச் சுற்றி ஒரு பட்டியும் வார்க்கப்பட்டது.

பின்னர் நீண்ட கூர்ங்குண்டுகள் வந்தன. நீளம் மிகுந்தால் சுழற்சியும் மிகவேண்டும். இன்றேல் குண்டு நடுவழியிற் குட்டிக்கரணம் போடும். பிரித்தானியரின் லீ என்பீல்டு .303 றைபிளில் வரிகள் ஐந்து. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதன் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 2,900 முறை சுழன்றது. அவ்வேகத்தை ஈயம் மட்டும் தாங்காது. ஆகவே அதற்கு வன்மையான உலோக உறை இடப்பட்டது.

குறி செம்மையுற்றதன் விலையைக் கொடுத்தவை யானைகளே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யானையைக் கொல்பவருக்கு அரசாங்கமே பரிசளித்த காலமும் உண்டு. பேக்கர் காலத்துக்கு நூறாண்டின் பின், 1954-இல், கல்லோயாத் தேசியப் பூங்கா அமைந்து அவற்றுக்கு ஒரு புகலிடம் கிடைத்தது. பம்பரத்தை நிமிர்த்தும் அதே இயற்கை விதிதான் குண்டையும் செலுத்துகிறது; அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதை விதி சொல்வதில்லை, மனிதனே முடிவு செய்ய வேண்டும்.