நாளைய பாவத்துக்கு இன்றே மன்னிப்பா?

ரோமைச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் ஞானஸ்நானம் பெற்றது 337-ஆம் ஆண்டு, மரணப் படுக்கையில். கிறிஸ்தவர்களை ஆதரிக்கத் தொடங்கி அதற்குள் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. இடையில் பெற்ற மகன் கிறிஸ்பஸையே கொல்லச் சொல்லியிருந்தார். யோர்தான் ஆற்றில் முழுக வேண்டும் என்று காத்திருந்ததாக அவர் வரலாற்றை எழுதிய எவுசேபியு சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் இப்படித் தள்ளிப்போட்டவர்கள் ஏராளம். ஞானஸ்நானம் ஒருமுறைதான், அதுவரை செய்த பாவமெல்லாம் அதில் போய்விடும், அதற்குப் பிறகு பெரிய பாவம் செய்தால் மீளும் வழி மிகக் குறுகல். அகஸ்டின் சிறுவனாக இருந்தபோது கடும் நோயில் கிடந்தான். ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு நடந்தது. பையன் பிழைத்துக்கொண்டான், தாய் மோனிக்கா அதை ஒத்திவைத்துவிட்டாள். இன்னும் எவ்வளவு பாவம் செய்ய இருக்கிறானோ என்ற பயம்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சேகரத்தில் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறவள் நான். கான்ஸ்டன்டைன் கதையைச் சொன்னால் பையன்களுக்குக் கொண்டாட்டம். “விவரமான ஆளு டீச்சர்!” அவர்களில் ஒருவன் கேட்டான்: “இயேசு எல்லாப் பாவத்துக்கும் சேத்துத்தான செத்தாரு? அப்ப அடுத்த வருஷம் நான் செய்யப்போறதும் ப்ரீபெய்டா?”

வாயை மூடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிலுவை நடந்தபோது நம்மில் ஒருவரும் பிறக்கவில்லை. நம் பாவம் மொத்தமும் அன்றைக்கு எதிர்காலப் பாவம்தான். அதற்கெல்லாம் அந்த ஒரு பலி போதும் என்பதில் கத்தோலிக்கர், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எல்லாரும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த மன்னிப்பு என் கைக்கு எப்போது, எந்த வழியாக வந்து சேருகிறது என்பதில்தான் இத்தனை நூற்றாண்டுச் சண்டை.

முதல் பெரிய சண்டை வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் வெடித்தது. 250-இல் சக்கரவர்த்தி டீசியஸ், எல்லாரும் ரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணை போட்டார். பல கிறிஸ்தவர்கள் பயந்து பலியிட்டார்கள். சிலர் லஞ்சம் கொடுத்து, பலியிடாமலே சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள் (நம் ஊருக்குப் புதிய சங்கதியில்லை). புயல் ஓய்ந்ததும் திரும்பி வந்து சபை வாசலில் நின்றார்கள். சேர்ப்பதா, கூடாதா? ரோமில் நொவாத்தியன் என்ற குரு கூடவே கூடாது என்றார். தனிச் சபையே உண்டாக்கினார். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் வேறு வழி பிடித்தார். சான்றிதழ் மட்டும் வாங்கியவனுக்குக் கொஞ்சம் இரக்கம், பலியிட்டவனுக்கு நீண்ட தவம், சாகக் கிடப்பவனுக்கு உடனே சமாதானம். அடுத்த துன்புறுத்தல் வரப்போகிறது என்று தெரிந்ததும், மனந்திரும்பிக் காத்திருந்தவர்களை எல்லாம் உள்ளே விட்டார். டீசியஸின் ஆணைக்கு எட்டே ஆண்டில், 258-இல், விசுவாசத்துக்காக அவர் தலையே வெட்டுண்டது. நொவாத்தியனைவிட இந்த மனுஷன்மேல்தான் எனக்கு மதிப்பு.

அன்றைய பகிரங்கத் தவம் வாழ்நாளில் ஒருமுறைதான். அயர்லாந்துத் துறவிகள்தான் குருவிடம் தனியாக, திரும்பத் திரும்ப அறிக்கையிடும் பழக்கத்தைப் பரப்பினார்கள். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்கிற வழக்கத்தை 589-இல் ஸ்பெயினின் டொலேடோ சங்கம் கண்டித்தது. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கமோ, வருடம் ஒருமுறையாவது அறிக்கையிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது.

என் மாமியார் தூத்துக்குடிக் கத்தோலிக்கர். பெரிய வெள்ளிக்கு முன் பனிமய மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இருக்க மாட்டார். “சாமிகிட்ட சொல்லிட்டேன், நெஞ்சு லேசாயிட்டு” என்பார். ஞானஸ்நானம் முன் பாவங்களைக் கழுவும். பிறகு செய்கிற சாவான பாவத்துக்கு மனஸ்தாபமும் பாவசங்கீர்த்தனமும் வேண்டும். அது அவர்கள் போதனை. இன்னும் செய்யாத பாவத்துக்கு அங்கே மன்னிப்புக் கிடையாது. திருந்தும் எண்ணமே இல்லாதவனுக்குக் குரு சொல்லும் மன்னிப்பும் பலிக்காது.

1517-இல் ஜெர்மனியில் டெட்சல் என்பவர் விற்ற பலன் சீட்டு, வரப்போகும் பாவத்துக்கு முன்பணம் என்று எங்கள் சபைகளில் சொல்வதுண்டு. கத்தோலிக்கப் போதனை அப்படி இல்லை. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனையைக் குறைப்பதே அந்தச் சீட்டு. சந்தையில் அதைக் கூவி விற்ற விதம்தான் லுத்தரைக் கொதிக்க வைத்தது. அவருடைய தொண்ணூற்றைந்து வாசகங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். விசுவாசத்தால் நீதிமான் ஆனவனுக்கு நியாயப்பிரமாணத்தைப் போதிக்கத் தேவையில்லை என்று அவர் சீடர் அக்ரிகோலாவே கிளம்பியபோது, லுத்தர் அவரையும் எதிர்த்து எழுதினார்.

இதில் எனக்குத் தெளிவாகப் படுவது 1646-இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை. கால்வின் வழி வந்தவர்களின் ஆவணம் அது. நீதிமான் என்று கடவுள் தீர்த்தவர்கள் அந்த நிலையை இழக்க மாட்டார்கள். ஆனாலும் பாவம் செய்தால் தகப்பனின் கோபத்துக்கு ஆளாவார்கள். அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்கும்வரை அவர் முகத்தின் வெளிச்சம் மறைந்திருக்கும் என்கிறது. வழக்கு முடிந்துவிட்டது, வீட்டில் மனஸ்தாபம் பாக்கி. வெஸ்லியின் மெதடிஸ்டுகள் இதற்கும் சம்மதிக்க மாட்டார்கள். விசுவாசத்தை விட்டு விலகினால் ரட்சிப்பையே இழக்கலாம் என்பார்கள்.

சென்னையில் இருக்கும் என் தம்பி மகன் ஓயாமல் யூடியூப் செய்திகளை அனுப்புகிறான். “அத்தை, இதக் கேளுங்க, நீங்க இன்னும் நியாயப்பிரமாணத்துல நிக்கீங்க.” சிங்கப்பூர் நியூ கிரியேஷன் சபையின் ஜோசப் பிரின்ஸ் போன்றவர்களின் போதனை அது. விசுவாசித்த அன்றே கடந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் எல்லாம் மன்னிக்கப்பட்டாயிற்று. மன்னிப்புப் பெறுவதற்கென்று தினமும் அறிக்கையிடத் தேவையில்லை. யோவானின் முதல் நிருபம் முதல் அதிகாரத்தில் வரும் பாவ அறிக்கை விசுவாசிகளுக்குச் சொன்னதல்ல. பாவம் செய்ய இது அனுமதி அல்ல என்றும் அவர்கள் சொல்கிறார்கள். அதை மறைப்பது நியாயமாகாது. ஆனால் அந்த நிருபத்தில் “நாம்” என்று தன்னையும் சேர்த்தே யோவான் எழுதுகிறார். கர்த்தருடைய ஜெபத்தில் அன்றாட அப்பத்தை அடுத்தே மன்னிப்பு வருகிறது. தம்பி மகனிடம் இதைச் சொன்னேன். பதிலுக்கு இன்னொரு வீடியோ வந்தது.

என் முடிவு இதுதான். எதிர்காலப் பாவமும் மன்னிக்கப்பட்டது என்பது பயந்தவனுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. பழைய பாவத்தை நினைத்து ராத்தூக்கம் இல்லாதவளுக்கு, திருவிருந்துக்கு வரக் கூசிப் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதைத் தயங்காமல் சொல்லலாம். திட்டம் போடுகிறவனுக்கு அது இல்லை. ரோமர் ஆறாம் அதிகாரத்தில் பவுல் அவனை முகத்துக்கு நேரே நிறுத்திவிட்டார். என் வகுப்புப் பையனிடமும் ரெண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாது என்றேன். “நான் எந்த வகை டீச்சர்?” என்றான். “அது உனக்குத்தாண்டே தெரியும்.”

இன்னொன்று. இந்த விவாதம் முழுக்கக் கடவுளுக்கும் பாவிக்கும் நடுவே நடக்கிறது. ஏமாந்தவர் கணக்கிலேயே வருவதில்லை. சகேயு இரட்சிக்கப்பட்ட நாளில், யாரையாவது ஏய்த்து வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்றான். திருடியவன் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பதில் என் மாமியாரின் சாமியாரும் எங்கள் சேகர ஐயரும் சண்டையே போட மாட்டார்கள். சீட்டுப் பணத்தைச் சுருட்டிவிட்டு ஆராதனையில் கண்ணீரோடு கை உயர்த்துகிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. அடுத்த திருவிருந்துக்கு முன் அந்தப் பணத்தை உரியவர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். மூன்று கால மன்னிப்பைப் பற்றி அப்புறம் உட்கார்ந்து பேசலாம்.