கலப்புத் துயில்நிலை

கலப்புத் துயில்நிலை என்பது, கணினியின் நினைவகத்தில் உள்ளவற்றை வன்தட்டில் படியெடுத்து வைத்தபின், மின்சாரத்தை முற்றிலும் நிறுத்தாமல் கணினியைத் துயிலச் செய்யும் முறை ஆகும். துயில், ஆழ்துயில் என்னும் இரு மின்சேமிப்பு நிலைகளும் இதில் ஒருங்கே பயன்படுகின்றன. விண்டோசு இயங்குதளத்தில் இது 'ஹைபிரிட் சிலீப்' எனவும், மாக் கணினிகளில் 'சேஃப் சிலீப்' எனவும், லினக்சு கருனியில் 'சஸ்பெண்ட் டு போத்' எனவும் வழங்கும்.

துயிலும் ஆழ்துயிலும்

1996ஆம் ஆண்டு வெளியான ஏசிபிஐ என்னும் சீர்தரம் இந்நிலைகளுக்கு எண்ணிட்டு வரையறை தந்தது. எஸ்3 என்பது துயில். இதில் செயலியும் வன்தட்டும் அணைந்துவிடும். நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் தொடரும். இன்றைய நினைவகச் சில்லுகள் தம்முள் உள்ள தரவை ஏறத்தாழ 64 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பித்துக் கொள்ளாவிடில் இழந்துவிடும். ஆகவே எஸ்3 நிலையில் மின்சாரம் நின்றால், சேமிக்கப்படாத வேலை அனைத்தும் போய்விடும். எஸ்4 என்பது ஆழ்துயில். நினைவகத்தின் படிமம் வன்தட்டில் எழுதப்பட்டு, கணினி அணைக்கப்படுகிறது. மின்சாரம் இன்றி எத்தனை நாள் கிடந்தாலும் குற்றமில்லை. ஆனால் விழிப்பதற்கு நேரமாகும்.

மின்கலம் உள்ள மடிக்கணினிக்கு எஸ்3இன் இடர் பெரிதன்று. மேசைக்கணினிக்கோ அப்படியில்லை. 2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில், சென்னைக்கு வெளியே, நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டு இருந்தது. தடையில்லா மின்வழங்கி இல்லாத கணினியைத் துயில வைத்துவிட்டுச் செல்வது அந்நாளில் துணிச்சலான செயலே. விண்டோசு விசுட்டா 2007இல் இவ்வசதியுடன் வந்தபோது, மேசைக்கணினிகளில் மட்டும் அது இயல்பிருப்பாக இயக்கப்பட்டிருந்ததற்கும் இதுவே காரணம்.

லினக்சு கருனியில்

முதலில் இவ்வசதி கருனிக்கு வெளியே இயங்கிய 'எசு2போத்' என்னும் கருவி வழியாகவே கிடைத்தது. போயன் சுமோய்வர் எழுதிய நிரல் சேர்க்கப்பட்ட பின், 2012 செப்டம்பரில் வெளியான 3.6 பதிப்பிலிருந்து கருனியே இதைச் செய்கிறது. தமிழ்நாட்டு மின்வெட்டின் உச்சமும் அவ்வாண்டே என்பது தற்செயல்தான்.

செயல்முறை பின்வருமாறு நடைபெறுகிறது. கருனி முதலில் எல்லாச் செயலாக்கங்களையும் உறையச் செய்கிறது. பின் சாதனங்களை நிறுத்தி, ஒரு செயலி உட்கருவைத் தவிர ஏனையவற்றை அணைத்து, நினைவகத்தின் பக்கங்களை நினைவகத்திலேயே வேறிடத்தில் படியெடுக்கிறது. படிக்கும் இடம் வேண்டுமாதலால், படிமம் நினைவகத்தின் பாதியளவை விஞ்ச இயலாது. இயல்பிருப்பாக ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்கவே கருனி முயலும். அடுத்து, எழுதுவதற்காகச் சாதனங்கள் மீண்டும் எழுப்பப்படுகின்றன. படிமம் சுருக்கப்பட்டு இடமாற்றுப் பரப்பில் எழுதப்படுகிறது. அப்பரப்பின் தலைப்பில் இருந்த வழக்கமான குறி நீக்கப்பட்டு, 'இங்கே படிமம் உண்டு' என உணர்த்தும் குறி இடப்படுகிறது. வழக்கமான ஆழ்துயிலில் இதன்பின் கணினி அணைந்துவிடும். கலப்பு முறையில் அது எஸ்3 நிலைக்குச் செல்கிறது.

இனி இரண்டு வழிகள் உள்ளன. மின்சாரம் நின்றுவிட்டால், அடுத்த தொடக்கத்தில் கருனி அக்குறியைக் கண்டு படிமத்தை மீட்கும். மின்சாரம் நிற்காவிடில், கணினி நினைவகத்திலிருந்து சில நொடிகளில் விழித்துக்கொள்ளும். வன்தட்டில் உள்ள படிமத்துக்கு வேலையே இல்லை.

வேலை இல்லாத அப்படிமமே இம்முறையின் பெரிய ஆபத்து. விழித்த பயனர் கோப்புகளைத் திருத்துகிறார். கோப்பு முறைமை மாறிவிடுகிறது. படிமத்தில் இருப்பதோ பழைய கோப்பு முறைமையைப் பற்றிய நினைவு. பின்னர் எப்போதேனும் கணினி அப்படிமத்திலிருந்து எழுந்தால், பழைய கணக்கை நம்பிப் புதிய தட்டில் எழுதத் தொடங்கும். கோப்பு முறைமை சிதைந்துவிடும். எனவே துயிலிலிருந்து விழித்த உடனே, செயலாக்கங்களின் உறைவு நீங்கும் முன்பே, கருனி தலைப்பில் பழைய குறியை மீட்டெழுதிப் படிமத்தைச் செல்லாததாக்குகிறது. நிரலில் இது சில வரிகளே. எனினும் இது இல்லாமல் கலப்பு முறையே இல்லை எனலாம். இரு இயங்குதளங்கள் நிறுவிய கணினியில், படிமம் காத்திருக்கும்போது மற்ற இயங்குதளத்திலிருந்து அதே பகிர்வில் எழுதினாலும் இதே சேதம் நேரும்.

பயன்பாடும் வரம்புகளும்

சிசுடம்டி உள்ள வழங்கல்களில் 'சிசுடம்சிடிஎல் ஹைபிரிட்-சிலீப்' என்னும் கட்டளை போதும். படிமத்தைக் கொள்ளும் அளவுக்கு இடமாற்றுப் பரப்பு தட்டில் இருத்தல் வேண்டும். நினைவகத்திலேயே அமையும் இசட்ரேம் பரப்பு இதற்கு உதவாது. படிமத்தில் கடவுச்சொற்களும் அடங்கக்கூடும் என்பதால் அப்பரப்பை மறையீடு செய்வது நல்லது. 2019இல் வெளியான 5.4 பதிப்பில் சேர்ந்த பூட்டுநிலை இயங்கும்போது ஆழ்துயில் தடுக்கப்படுவதால் கலப்பு முறையும் கிட்டாது.

ஒவ்வொரு முறையும் படிமம் எழுதி முடியும்வரை காத்திருக்க வேண்டியிருப்பது மற்றொரு குறை. மடிக்கணினிகளுக்கு, 2018இல் சிசுடம்டி 239ஆம் பதிப்பில் வந்த மாற்று முறை பெரும்பாலும் பொருத்தமானது. அதில் கணினி முதலில் துயில்கிறது. குறித்த நேரம் கடந்ததும் தானே விழித்துப் படிமத்தை எழுதிவிட்டு அணைகிறது.