தையல் யந்திரக் கம்பெனி செய்த துப்பாக்கி

“சிங்கர்” என்றதும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நினைவு வருவது ஒன்றே. கூடத்து ஜன்னலருகே, கறுப்பு உடலில் பொற்கொடிகள் ஓட, கடகடவென்று பாவாடைக்கு விளிம்பு அடித்துக் கொண்டிருக்கும் தையல் யந்திரந்தான் அது. அதே கம்பெனி ஒரு காலத்தில் கைத்துப்பாக்கியும் செய்தது என்றால் நம்புவது சற்றுக் கடினமே. ஆயினும் அது உண்மை. மொத்தம் 500 துப்பாக்கிகள்; அவ்வளவுதான். இன்று அவற்றில் ஒன்று ஏலத்துக்கு வந்தால், அமெரிக்கச் செல்வந்தர்கள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு விலையை ஏற்றுகிறார்கள். 2017-ஆம் ஆண்டில் ஒன்று 4 லட்சம் டாலருக்கும் மேலே போயிற்று. அந்தப் பணம் அதன் தரத்துக்கா, அல்லது கிடைத்தற்கரியது என்பதற்கா? இதைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

துப்பாக்கியின் அமைப்பு சிங்கருடையதன்று. அதைக் கண்டவர் ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்க மேதை. 1911-இல் நடந்த பரீட்சையில் அவருடைய துப்பாக்கி 6,000 குண்டுகளைத் தடங்கலின்றிச் சுட்டது; சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்து மீண்டும் சுட்டார்கள். அவ்வாண்டே அமெரிக்கச் சேனை அதனை ஏற்றுக்கொண்டது. முதல் யுத்தத்துக்குப் பிறகு சில திருத்தங்களைப் பெற்று, “1911 ஏ 1” என்ற பெயரோடு அது இரண்டாம் யுத்தத்திலும் புகுந்தது.

ஐரோப்பாவில் போர் மூண்டதும் அமெரிக்க சர்க்காருக்கு ஒரு கவலை பிறந்தது. ஆயுதச் சாலைகள் மட்டும் போதா. தையல் யந்திரமும் தட்டெழுத்து யந்திரமும் செய்கிற ஆலைகளும் நாளை ஆயுதம் செய்ய நேரலாம். அதற்கு இன்றே பழக வேண்டாமா? ஆகவே சில கம்பெனிகளுக்குப் “பயிற்சி ஆர்டர்” என்ற பெயரில் சிறு வேலைகளைக் கொடுத்தார்கள். நியூ ஜெர்ஸியில் எலிஸபெத் என்னும் ஊரிலிருந்த சிங்கர் ஆலைக்கு 1940-இல் வந்தது இந்த 500 துப்பாக்கி வேலை. சர்க்காருக்கு முக்கியமாக வேண்டியிருந்தது துப்பாக்கிகள் அல்ல; ஏராளமாகச் செய்வதற்கு என்னென்ன கருவிகள் வேண்டும், எந்த வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்ற அநுபவந்தான்.

1941-இல் 500-ம் செய்து முடித்தார்கள். அதன் பிறகு சிங்கர் துப்பாக்கிப் பக்கம் திரும்பவே இல்லை. பீரங்கிக்குக் குறி கணிக்கும் நுண்கருவிகள் செய்யப் போய்விட்டது. துப்பாக்கிக்கென்று சேர்த்த கருவிகள் ரெமிங்டன் ராண்ட் முதலிய கம்பெனிகளுக்குக் கை மாறின. நம் கச்சேரிகளில் தட்டெழுத்து யந்திரத்தால் பெயர் பெற்ற அதே ரெமிங்டன்தான்! அது யுத்த காலத்தில் சுமார் எட்டே முக்கால் லட்சம் துப்பாக்கிகள் செய்து தள்ளியது. ரயில்வே கைகாட்டிச் சாதனங்கள் செய்யும் யூனியன் ஸ்விட்ச் கம்பெனிகூட 55,000 செய்தது.

“சிங்கரின் வேலை அவ்வளவு உயர்ந்ததாக இருந்தபடியால்தான், துப்பாக்கிக்கு அது வீண் என்று சர்க்கார் நுண்கருவி வேலைக்கு மாற்றியது” என்று சேகரிப்போர் ஒரு கதை சொல்வார்கள். கதை இனிமையாகவே இருக்கிறது. 500 மட்டும் செய்தவன் அவசரமின்றி மெருகிட்டிருக்கிறான் என்பதும் மெய். பின்னால் வந்தவற்றின் மங்கிய சாம்பல் பூச்சுக்கு முன், சிங்கரின் நீல மெருகு கண்ணைப் பறிக்கும். ஆனால் குண்டு பாய்வதற்கும் மெருகுக்கும் சம்பந்தமில்லை. போர்முனையில் நின்ற சிப்பாய்க்கு ரெமிங்டன் துப்பாக்கியால் குறைவு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. எனவே விலையில் பெரும் பங்கு அருமைக்கே என்பது என் அபிப்பிராயம்.

இப்படிப்பட்ட பொருளை மதிப்பிடுகிறவன் பார்ப்பது என்ன? முதலில் எண். எஸ் என்ற எழுத்துடன் 800001 முதல் 800500 வரையில் அது அமைந்திருக்க வேண்டும். அடுத்து, அடிச்சட்டத்தின் இடப்பக்கம் “ஜே. கே. ஸி.” என்ற முத்திரை, சோதனை அதிகாரி ஜான் கே. கிளெமென்ட் என்பவரின் முதலெழுத்துக்கள் அவை. சுடும்போது பின்னுக்கு ஓடித் திரும்பும் மேல்பாகத்தில் கம்பெனியின் பெயரும் ஊரும் பொறித்திருக்கும். இவை மூன்றையும் போலியாகப் பொறிக்கக் கூடியவர் உண்டு. விலை ஏறிய இடத்தில் கள்ளன் வராமலிருப்பானா? ஆதலால் நிபுணன் பூதக்கண்ணாடியோடு எழுத்துக்களின் ஓரத்தைப் பார்க்கிறான். பழைய முத்திரையின் ஓரம் கூர்மையாக நிற்கும். தேய்த்து மீண்டும் மெருகிட்டிருந்தால் எழுத்து கரைந்தாற்போல் மழுங்கும். சட்டத்தின் முனைகள் உருண்டு போகும். துளைகளின் வாய் குழிந்துவிடும். “தாத்தாவின் துப்பாக்கி துருவேறியிருக்கிறதே, பளபளப்பாக்குவோம்” என்று நல்லெண்ணத்தோடு மெருகிட்ட பேரன், தன் சொத்தில் பெரும்பகுதியை ஒரே பிற்பகலில் துடைத்தெறிந்தவனாகிறான்!

இன்னொரு சங்கடம் சேனையினாலேயே வந்தது. இந்தத் துப்பாக்கியின் பெருமையே, ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தும் என்பதுதான். பழுது பார்க்கும் சாலையில் நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளைப் பிரித்துப் போட்டு, கைக்கு வந்த பாகங்களைக் கொண்டு மீண்டும் பூட்டினார்கள். யார் செய்த குழல், யார் செய்த மேல்பாகம் என்று அங்கே எவரும் கவலைப்படவில்லை, கவலைப்படுவது கடமையுமன்று. அதன் பலனாக, சிங்கரின் அடிச்சட்டம் கோல்ட் கம்பெனி மேல்பாகத்தோடும், சிங்கரின் மேல்பாகம் வேறு எதனோடோ சேர்ந்தும் சுற்றி வந்தன. சேனைக்கு இது சிக்கனம். சேகரிப்பவனுக்கோ, வெளிப்புறம் எவ்வளவு அழகாயிருந்தாலும் துப்பாக்கியைப் பிரித்து ஒவ்வொரு பாகத்தையும் பார்க்காமல் பணம் எண்ணிக் கொடுக்க முடியாத நிலைமை.

ஐந்நூற்றில் பல விமானப் படைக்குப் போயின என்று சேகரிப்போர் சொல்வார்கள். போருக்குப் போய்வந்த துப்பாக்கியின் நீல மெருகு தோலுறையில் உராய்ந்து வெளுத்திருக்கும். பெட்டியிலேயே உறங்கியது புத்தம் புதிதாக மின்னும். ஏலச் சாலையில் உறங்கியதற்கே விலை அதிகம். உழைத்தது பின்னால் நிற்கிறது. எனக்கு இது அவ்வளவு நியாயமாகப் படவில்லை. ஆனால் விலையை நிர்ணயிப்பவன் நானல்லவே! வெளுத்த துப்பாக்கியானாலும், அதன் பாகங்கள் எல்லாம் பிறந்தபடியே இருந்து, முதலில் பெற்ற அதிகாரியின் குடும்பத்திலிருந்து கடிதத்தோடு வருமாயின், மெருகிட்ட போலி அழகியைத் தோற்கடித்து விடுகிறது. அதை வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான்; துப்பாக்கியைப் பிறகுதான் கையில் எடுக்கிறார்.