இருட்டில் எண்ணிய ஒளிப்பொட்டுகள்

1909. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகம். விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் வேலையே தொடங்கும். துத்தநாக சல்ஃபைடு பூசிய சிறு திரையை நுண்ணோக்கி வழியாக உற்றுப் பார்க்க வேண்டும். கதிரியக்கப் பொருளிலிருந்து பாயும் ஆல்ஃபா துகள் ஒன்று வந்து மோதினால், மினுக்கென்று ஒரு பொட்டு ஒளி தெரிந்து மறையும். அதை எண்ண வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே கண் பூத்துப்போகும்.

எண்ணியவர்கள் இருவர். ஒருவர் ஜெர்மானியர் ஹான்ஸ் கைகர். மற்றவர் 20 வயது மாணவர் எர்னஸ்ட் மார்ஸ்டன். வேலை கொடுத்தவர், முந்தைய ஆண்டுதான் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றிருந்த ரூதர்போர்டு.

தர்பூசணியா, கடுகா?

அணு என்பது பிளக்க முடியாத குண்டுமணி என்ற எண்ணத்தை 1897-இல் ஜே.ஜே. தாம்சன் உடைத்திருந்தார். அணுவுக்குள் எலக்ட்ரான் இருக்கிறது என்றார். தர்பூசணிச் சதையில் விதைகள் போல, நேர்மின்சுமைக்குள் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்பது அவர் கணிப்பு. அப்படியானால், மெல்லிய தங்கத் தகட்டின் மீது பாயும் ஆல்ஃபா துகள்கள் லேசாக விலகி, மறுபுறம் போய்விட வேண்டும்.

ஏதாவது திரும்பி வருகிறதா என்று பார்க்கச் சொன்னார் ரூதர்போர்டு. வரும் என்று அவரே நம்பவில்லை. மாணவனுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். ஆனால் வந்தது. 0.00004 செ.மீ. தடிமனுள்ள தங்கத் தகட்டில், சுமார் 20,000 துகள்களுக்கு ஒன்று 90 டிகிரி அளவுக்குத் திரும்பியது.

ஏன் என்று யோசித்து முடிக்க ரூதர்போர்டுக்கு 1911 ஆனது. அணுவின் நிறை ஏறக்குறைய முழுவதும் நடுவே ஒரு புள்ளியில் குவிந்திருக்கிறது. அந்த அணுக்கருவை நெருங்கும் அபூர்வமான துகள்தான் எற்றித் தள்ளப்படுகிறது. தங்கத்தின் அணுக்கரு ஒரு கடுகு என்றால், முழு அணு பத்து மாடிக் கட்டட உயரம் இருக்கும். கருத்து சரிதானா என்று சோதிக்க, கைகரும் மார்ஸ்டனும் மறுபடி இருட்டில் உட்கார்ந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொட்டுகளை எண்ணி, 1913-இல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கு பொருந்தியது.

டால்டனின் கண்

இதே மான்செஸ்டரில்தான் அதற்கு நூறாண்டுகளுக்கு முன் ஜான் டால்டன் நவீன அணுக்கொள்கையை வகுத்தார். அவருக்கு நிறக்குருடு. தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதே காரணம் என்று நம்பியவர், இறந்த பிறகு கண்ணை அறுத்துப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவைத்தார். 1844-இல் பார்த்தார்கள். நீலம் இல்லை. பாதுகாத்துவைத்த கண் திசுவில் 1995-இல் மரபணுச் சோதனை செய்தபோதுதான், பச்சையை உணரும் நிறமியே அவருக்கு இல்லை என்பது தெரிந்தது.

நம்பியது ஒன்று, சோதனை சொன்னது வேறு. ஆனால் நம் பள்ளி ஆய்வகங்களில், வரவேண்டிய விடையை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப ரெக்கார்டு நோட்டில் ரீடிங் எழுதுவது சகஜம். மார்ஸ்டனும் அப்படி எழுதியிருந்தால், திரும்பிய துகள் எதுவுமில்லை என்று முடித்திருப்பார். ஆசிரியர்களே, தப்பாக வந்த ரீடிங்கை அடிக்கும் முன், அந்தப் பிள்ளையை இன்னொரு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.