ஆறு தசமம், நான்கு ஹெக்டேர்

ஜவ்வாது மலைச் சாமை எந்தச் சரிவில் விளைந்தது என்று கேட்டால், ஜமுனாமரத்தூரில் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். அதே ஊரில் ரேஷன் அட்டைக்கு லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் எங்கே விளைந்தது? பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் பதில் இருக்காது.

பாமாயிலை உலகிலேயே அதிகம் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. ஆண்டைப் பொறுத்து 75 முதல் 100 லட்சம் டன். பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் மழைக்காடுகளை வெட்டி எண்ணெய்ப்பனை வைத்த கதை பழையது. ஆனால் எந்த எண்ணெய் அப்படிக் காடழித்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பறித்த குலையை ஓரிரு நாளில் ஆலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். தாமதித்தால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெய் கெட்டுவிடும். ஆகவே ஓர் ஆலைக்கு வரும் பழமெல்லாம் லாரி சீக்கிரம் எட்டக்கூடிய தூரத்தில் விளைந்ததே. ஆலையின் பெயர் தெரிந்தால் போதும், அதைச் சுற்றி வட்டம் போட்டு, உள்ளே காடு குறைந்திருக்கிறதா என்று செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிடலாம். பல ஆலைகளின் எண்ணெய் கப்பலின் தொட்டியில் கலந்துவிட்ட பிறகு எந்த ஆய்வகத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. கேள்வியைத் தோட்டத்திலேயே கேட்டாக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் கேட்கத் தொடங்கிவிட்டது. 2023இல் அது கொண்டுவந்த சட்டத்தின்படி, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த பாமாயில், காப்பி, கோகோ, ரப்பர், சோயா, மாட்டுப் பொருள்கள், மரம் எதுவும் அதன் சந்தைக்குள் வரக்கூடாது. இருமுறை தள்ளிப்போன அமலாக்கம், பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30இல் தொடங்குகிறது. சரக்கை ஐரோப்பாவில் இறக்கும் நிறுவனம், அது விளைந்த நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஆறு தசம இடம்வரை காட்ட வேண்டும். ஆறாவது தசமம் என்றால் தரையில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். நம் கைபேசியின் ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே சில மீட்டர் தடுமாறும். மரத்தடியில் இன்னும் மோசம். சட்டம் எழுதியவர்கள் மலைத்தோட்டத்துக்குள் போனைத் தூக்கிக்கொண்டு நடந்ததில்லை போலும்.

சரிபார்க்கும் வேலையில் பெரிதும் உதவுவது ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள். ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வோர் இடத்தையும் 10 மீட்டர் துல்லியத்தில் படம் எடுக்கின்றன. படங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். காட்டை மொட்டையடித்தால் இவற்றின் கண்ணுக்குத் தப்பாது. சிக்கல் நம் காப்பியில்தான். ஏற்காட்டில் சில்வர் ஓக்கும் பலாவும் நிழல் தர, மரத்தில் மிளகுக்கொடி ஏற, அடியில் காப்பிச்செடி நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் அசல் காடு! 2020ஆம் ஆண்டின் காட்டு வரைபடத்தில் அது காடு என்று பதிவாகி, பிறகு நிழல்மரத்தைக் கழித்துவிட்டால் காடழிப்பு என்ற சந்தேகம் எழும். இத்தகைய வேளாண் காடு காடல்ல என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. படத்திலுள்ள புள்ளிக்கு அது எப்படித் தெரியும்? இந்தியக் காப்பி ஏற்றுமதியில் பாதிக்கு மேல் ஐரோப்பாவுக்குப் போவதால், காபி வாரியம் செயலி வழியாக விவசாயிகளின் தோட்டங்களைப் பதிவு செய்துவருகிறது.

இதெல்லாம் தொழில்நுட்பம், தீர்ந்துவிடும். எனக்குப் பெரிதாகப் படுவது சட்டத்தின் இரண்டாவது நிபந்தனை: நில உரிமை உட்பட, விளைந்த நாட்டின் சட்டப்படி அந்தப் பொருள் விளைந்திருக்க வேண்டும். ஏற்காட்டிலும் ஜவ்வாது மலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினரில் ஒருவர், ஒரு மரத்தையும் தொடாமல் தலைமுறையாக உழுதிருக்கலாம். நிலம் வனத்துறை வரைபடத்துக்குள் இருந்து, கையில் காகிதம் இல்லையென்றால் அவர் விளைச்சல் வெளியே நிற்கும்.

அந்தக் காகிதத்துக்கு வழி நம்மிடமே உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து வன நிலத்தில் உழும் பழங்குடியினருக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. ஐரோப்பியச் சட்டத்திலும் அதே நான்கு ஹெக்டேர் வருகிறது: அதற்கு மேற்பட்ட நிலத்துக்குத்தான் எல்லை முழுவதும் வரைய வேண்டும், மற்றதற்கு ஒரே புள்ளி போதும். வன உரிமைப் பட்டா வைத்திருக்கும் விவசாயிக்கு ஐரோப்பா கேட்பதில் கடினமான பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

ஐரோப்பியச் சட்டம் வணிகத் தடை என்று டெல்லி முறையிடுவதில் நியாயம் உண்டு. நிரூபிக்கும் செலவு ஏழையின் தலையில்தான் விழும். ஆனால் ஐரோப்பா மறுக்கும் பாமாயில், கேள்வி கேட்காத சந்தைகளுக்குத்தான் திரும்பும், அவற்றில் மிகப் பெரியது நம்முடையது. எந்த ஆலையின் எண்ணெய் என்று அரசுக் கொள்முதல் டெண்டரில் ஒரு வரி சேர்ப்பதற்கு பிரஸ்ஸல்ஸின் அனுமதி தேவையில்லை.