ஒரு ஷார்ப், இரண்டு கீகள்: மேஜரா, மைனரா?

புலம்பெயர்ந்து வந்த நாடுகளில் எமது பிள்ளைகள் பலர் பியானோ, வயலின் போன்றவற்றை மேலைத்தேய முறையில் பழகி வருகின்றனர். வாசிப்பதில் கெட்டிக்காரராக இருக்கும் பிள்ளைகூட 'தியரி' பாடத்தில், அதிலும் மைனர் கீ வரும் இடத்தில், தயங்குவதுண்டு. பிரித்தானியாவின் ஏ.பி.ஆர்.எஸ்.எம். பரீட்சைகளில் 6ஆம் தரத்துக்குத் தோற்ற முன்னர் 5ஆம் தரத் தியரியிலோ, அதற்கு ஈடாக ஏற்கப்படும் பரீட்சையிலோ சித்தியடைந்திருக்க வேண்டும். ஆகவே இதைத் தட்டிக் கழிக்க முடியாது. "எங்களுக்கு இது விளங்காது" என்று பெற்றோராகிய நாமும் ஒதுங்கத் தேவையில்லை. கர்நாடக இசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமான விடயமல்ல.

இசைத்தாளில் ஐந்து கோடுகளின் தொடக்கத்தில் காணப்படும் ஷார்ப் அல்லது ஃபிளாட் குறிகளே 'கீ சிக்னேச்சர்'. எந்தச் சுரங்களை அரைச்சுரம் கூட்டியோ குறைத்தோ வாசிக்க வேண்டும் என்பதை அவை சொல்கின்றன. சிக்கல் என்னவென்றால், ஒரே குறி ஒரு மேஜருக்கும் ஒரு மைனருக்கும் பொதுவானது. குறியே இல்லையென்றால் சி மேஜர் அல்லது ஏ மைனர். எஃப் ஷார்ப் மட்டும் இருந்தால் ஜி மேஜர் அல்லது ஈ மைனர். பி ஃபிளாட் மட்டும் இருந்தால் எஃப் மேஜர் அல்லது டி மைனர்.

மேஜர் தெரிந்தால் மைனரைக் கண்டுபிடிப்பது சுலபம். மேஜரின் ஆதார சுரத்திலிருந்து, கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து, மூன்று கட்டைகள் கீழே இறங்க வேண்டும். சியிலிருந்து இறங்கினால் பி, பி ஃபிளாட், ஏ. மூன்றாவதே விடை.

இதையே எமது முறையில் பார்ப்போம். கமகங்களை விட்டுச் சுரத்தானங்களை மட்டும் எடுத்தால், மேஜர் என்பது 29ஆவது மேளமான சங்கராபரணம். அதன் தைவதத்தை ஷட்ஜமாக வைத்தால் 20ஆவது மேளமான நடபைரவி பிறக்கும். இதை நாம் கிரக பேதம் என்கிறோம். சுரங்கள் அவையே, ஆதாரம் மட்டும் மாறுகிறது. நடபைரவிதான் இயற்கை மைனர்.

அப்படியானால் தாளிலுள்ள பாடல் மேஜரா, மைனரா என்று எப்படி அறிவது? முதலில், பாடல் எந்தச் சுரத்தில் வந்து முடிகிறது என்று பாருங்கள். அது பெரும்பாலும் ஆதார சுரமாக இருக்கும். அடுத்து, இடையில் தனியாக எழுதப்பட்ட ஷார்ப்களைத் தேடுங்கள். ஏ மைனரில் ஜி என்ற ஏழாம் சுரம் அடிக்கடி ஜி ஷார்ப் ஆகும். அதாவது கைசிகி நிஷாதம் காகலி நிஷாதமாகி, மேல் ஷட்ஜத்தை நெருங்கி நிற்கும். இதுவே ஹார்மோனிக் மைனர், எமக்குக் கீரவாணி. இந்த ஷார்ப் கீ சிக்னேச்சரில் சேராது. தேவையான இடத்தில் சுரத்தின் அருகிலேயே எழுதப்படும். பிள்ளைகள் பிழைவிடும் இடம் பெரும்பாலும் இதுதான். மெலோடிக் மைனரோ ஏறும்போது கௌரிமனோகரி, இறங்கும்போது நடபைரவி.

அடுத்த முறை பிள்ளை ஏ மைனரைப் பழகும்போது பக்கத்தில் அமர்ந்து, கீரவாணியின் ஆரோகணத்தைப் பாடிக் காட்டுங்கள். அம்மாவும் அப்பாவும் அறிந்த இசையும் தான் படிக்கும் இசையும் ஒரே கட்டைகளில்தான் ஒலிக்கின்றன என்பதைப் பிள்ளை தன் காதாலேயே அறிந்துகொள்ளும்.