ஒரு மைக் வாங்கினா பத்து மைக் கிடைக்குமா?

கையில 30,000 ரூபாய் சம்பளம், மனசுல யூடியூப் சேனல் ஆசை. ஸ்டுடியோக்கள்ல இருக்கிற நியூமன் யூ 87 மைக்கோட விலை லட்சங்கள்ல போகுது. ஈஎம்ஐ பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி மைக் மாடலிங் சாஃப்ட்வேர் பத்தி தெரிஞ்சுக்கோங்க.

ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு குணம் இருக்கு. ஒண்ணு அடிக்குரலைத் தூக்கும், இன்னொண்ணு கீச்சை. வாய்க்குப் பக்கத்துல வச்சா பேஸ் கூடும், பக்கவாட்டுல பேசினா குரல் மங்கும். பழைய வால்வு மைக்குகள் சத்தமா பேசும்போது ஒலியை லேசா உருமாத்தும். இதையெல்லாம் முன்கூட்டியே அளந்து வச்சுக்கிட்டு, உங்க மைக்குக்கும் அந்த மைக்குக்கும் உள்ள வித்தியாசத்தை ரெக்கார்டிங்ல சரிக்கட்டுறதுதான் மாடலிங். ஆட்டோ டியூன் கம்பெனியான ஆன்டாரஸ் 2000 வாக்கிலேயே இப்படி ஒண்ணை விட்டாங்க. பின்னால வந்த டவுன்சென்ட் லேப்ஸோட ஸ்பியர் எல் 22 மைக், முன்பக்க ஒலியையும் பின்பக்க ஒலியையும் தனித்தனி டிராக்கா பதியும். அதனால எந்தத் திசைச் சத்தத்தை எவ்வளவு எடுக்கணும்னு ரெக்கார்டிங் முடிஞ்ச பிறகும் மாத்தலாம்.

ஆனா மைக்ல விழுந்த இரைச்சல் விழுந்ததுதான். கயத்தாறுல நாலுவழிச்சாலைப் பக்கம் வீடு, தலைக்கு மேல ஃபேன்னு வச்சுக்கோங்க. எந்த மாடலைப் போட்டாலும் லாரி சத்தம் அப்படியே இருக்கும். கீச்சைத் தூக்குற மாடல்னா ஃபேன் இரைச்சலும் சேர்ந்து ஏறும். அதனால முதல் செலவு கனமான திரைச்சீலைக்குத்தான். சில சாஃப்ட்வேர் அந்தக் கம்பெனி மைக்கோட மட்டும்தான் ஒழுங்கா வேலை செய்யும், அந்த விலையையும் கூட்டிப் பாருங்க.

இனி நம்ம ஏரியா. சேனல் வருமானத்தைத் தொழில் வருமானமா காட்டினா, மைக்குக்கு வருஷம் 15%, விலைக்கு வாங்கின சாஃப்ட்வேருக்கு 40% தேய்மானம் கழிக்கலாம். 20,000 ரூபாய் மைக்னா முதல் வருஷம் 3,000. வாங்கின வருஷத்துல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தியிருந்தா அதுல பாதிதான். அனுமான வருமான முறையில போறவங்களுக்குத் தனியா தேய்மானம் கிடையாது.

"சேனல் நஷ்டத்தைக் காட்டி சம்பள வரியைக் குறைக்கலாம்"னு ஆபீஸ்ல யாராவது சொல்வாங்க. முடியாது. தொழில் நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்கச் சட்டம் அனுமதிக்கல. 8 வருஷம் வரைக்கும் முன்னே எடுத்துட்டுப் போய், பின்னால வர்ற தொழில் லாபத்துல கழிக்கலாம். அதுக்கும் ரிட்டனைக் கடைசித் தேதிக்குள்ள தாக்கல் பண்ணியிருக்கணும்.